ஏற்றிவிடுவது நீங்கள், இறக்கிவிடுவது யார்?

மதுரையிலும் சுற்றுவட்டாரத்திலும் வார இறுதி மலையேற்றம் நடத்தும் குழு அட்மின்களுக்கு,

வணக்கம். யானை படுத்திருக்கிற மாதிரி தெரியும் யானைமலையின் அடிவாரத்தில் குடியிருக்கிற ஒருவன் எழுதுகிறேன். உங்கள் போஸ்டர்கள் எனக்கும் ஃபார்வர்டு ஆகி வருகின்றன. எங்கே கூட வேண்டும், தலைக்கு எவ்வளவு, எந்த நம்பருக்கு ஜிபே பண்ண வேண்டும், எல்லாம் இருக்கிறது. போட்டோவும் எடுத்துத் தருவீர்களாம். எத்தனை மணிக்கு இறங்குவோம் என்று மட்டும் ஒன்றிலும் பார்த்ததில்லை.

சூரிய உதயம் பார்க்கலாம் என்று போட்டுவிட்டு, எட்டு மணிக்கு ஒத்தக்கடையில் டீ குடித்துக்கொண்டிருக்கிற கூட்டத்தை நான் பார்க்கிறேன். சமணத் துறவிகள் படுக்கப் பாறையில் வெட்டிய படுகையைப் பார்த்துவிட்டு இறங்கினால் ஒரு தொந்தரவும் இல்லை. யானையின் முதுகில் நின்று ரீல்ஸ் எடுக்க வேண்டும் என்று வழுவழுப் பாறைக்குப் போகும்போதுதான் வினை. ஏறும்போது பாறை கண்ணுக்கு நேரே இருக்கும், கை எங்கே கால் எங்கே என்று பார்த்துப் பார்த்து வைத்துவிடலாம். இறங்கும்போது கால் வைக்கிற இடம் வயிற்றுக்குக் கீழே மறைந்துவிடும். மேலே போனவன் அதே வழியில் இறங்க முடியாமல் உட்கார்ந்துவிடுவது இதனால்தான். தைரியத்துக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. கோடையில் பத்து மணிக்கெல்லாம் பாறையில் கையை ஊன்ற முடியாது. அரை லிட்டர் பாட்டிலோடு வந்தவருக்கு அப்போதே தலை கிறுகிறுக்க ஆரம்பித்துவிடும்.

சாயங்காலம் போன வேறொரு கூட்டம் இருக்கும். டிசம்பரில் ஆறு மணியோடு சூரியன் போய்விடும், அப்புறம் அரை மணி நேரத்தில் கும்மிருட்டு. தீயணைப்பு நிலையத்துக்குப் போன் பறக்கிறது.

வருகிறவர்கள் மலைக்கென்றே வைத்திருக்கிற ஆட்கள் இல்லை, தெரியுமல்லவா? காலையில் கிணற்றில் விழுந்த மாட்டைக் கயிறு கட்டித் தூக்கியிருப்பார்கள், மத்தியானம் யார் வீட்டிலோ பாம்பு பிடித்திருப்பார்கள். கனத்த கயிற்றுச் சுருளைத் தோளில் மாட்டிக்கொண்டு, பூட்ஸ் காலோடு, அதே பாறையில் இருட்டில் ஏறுகிறார்கள். வழிகாட்ட எங்கள் ஊர்ப் பையன்கள் முன்னால் போவார்கள், வெறுங்காலில். ஒருநாள் ராத்திரி அப்படி இறக்கிக் கொண்டுவந்த பையனிடம் என்னப்பா ஆச்சு என்று கேட்டேன். உடம்பில் ஒரு கீறல் இல்லை. செருப்பு வார் அறுந்துவிட்டது, இருட்டிவிட்டது, போனில் லைட் போட்டால் சார்ஜ் தீர்ந்துவிடும் என்று கூப்பிட்டானாம். இறங்கினதும் தீயணைப்பு வீரர்களை நிறுத்தி ஒரு செல்ஃபி. உன்னைக் கூட்டிவந்தவர் எங்கே என்றேன். "அண்ணன் மத்தவங்களக் கூட்டிட்டு அப்பவே போயிட்டாரு."

எனக்கு அந்தப் பையன் மேல் கோபம் வரவில்லை. அந்த அண்ணனுக்குத்தான் இந்த மடல்.

இது நம் ஊரில் மட்டும் நடப்பதல்ல. 2009-இல் அமெரிக்காவின் கிராண்ட் கேன்யனில், இரண்டு அப்பாக்களும் அவர்கள் பிள்ளைகளுமாக நாலு பேர், சாட்டிலைட் வழியாக உதவி கேட்கும் கருவியை மூன்று தடவை அழுத்தினார்கள். இரண்டாம் தடவை ஹெலிகாப்டர் போனபோது சொன்ன காரணம், கிடைத்த தண்ணீர் உப்புக் கரிக்கிறது என்பது. மூன்றாம் தடவை நாலு பேரையும் ஏற்றிக் கொண்டுவந்து, கூட்டிப்போனவர் மேல் வழக்குப் போட்டார்கள். அந்த மாதிரிக் கருவிகளை இங்கே உரிய அனுமதி இல்லாமல் வைத்திருக்கவே கூடாது. யாரும் ஆன்லைனில் வாங்கி மாட்டிக்கொள்ள வேண்டாம்.

சிவன் கோயில் இருக்கிற சதுரகிரி மலையிலும் இதே கதைதான். அடிவாரத் தாணிப்பாறையில் டோலி தூக்குகிறவர்கள் முடியாத வயசாளிகளுக்காக இருக்கிறார்கள். ஜிம் உடம்போடு வந்து, முட்டி வலிக்கிறது என்று பாதி வழியில் டோலி கேட்கிறவரை என்ன சொல்வது! ஓடையில் தண்ணீர் ஏறும்போது வனத்துறை மறித்தால் அவர்களோடு மல்லுக்கு நிற்கவும் சிலர் உண்டு. 2015 மே மாதம் அங்கே காட்டாற்று வெள்ளத்தில் பக்தர்கள் செத்துப்போனதை வத்திராயிருப்புப் பக்கம் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள்.

அதற்காகக் கூப்பிடவே கூடாது என்று யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம். எலும்பு முறிந்தால், பாம்பு கடித்தால், மலைத்தேனீ கொட்டினால், நெஞ்சு வலித்தால், வெயிலில் பேச்சுக் குழறினால் உடனே 108 அல்லது 112. ஒரு நிமிஷம் யோசிக்கக் கூடாது. வழி தவறிவிட்டது என்று மூன்று மணிக்குத் தெரிந்தால் மூன்று மணிக்கே சொல்லுங்கள், ஏழு மணி வரை கௌரவம் பார்க்காதீர்கள். லொகேஷனை அனுப்பிவிட்டு அந்த இடத்திலேயே இருக்க வேண்டும். ஆளுக்கொரு பக்கம் இறங்கப் பார்த்தால் தேடுகிறவர்கள் பாடு திண்டாட்டம்.

தேனி மாவட்டத்துக் குரங்கணியை மறந்திருக்க மாட்டீர்கள். 2018 மார்ச் 11. காய்ந்த புல் மலையில் தீ சூழ்ந்து, மலையேறப் போனவர்களில் இருபது பேருக்கு மேல் இறந்தார்கள். விமானப்படை ஹெலிகாப்டர்கள் வந்தன, உண்மைதான். ஆனால் அதற்கு முன்னாலேயே மேலே ஓடியவர்கள் அந்த ஊர் ஜனங்கள். நம் ராஜாஜி ஆஸ்பத்திரித் தீக்காய வார்டுக்குப் பலர் வந்து சேர்ந்தார்கள். அதற்குப் பிறகுதான் மலையேற்றத்துக்கென்று அரசு விதிகளே வந்தன. 2024 அக்டோபரில் வனத்துறை 40 பாதைகளைத் திறந்து, ஆன்லைன் பதிவு, கூடவே வழிகாட்டி என்று ஏற்பாடு செய்தது. காட்டுக்குப் போக ஆசையென்றால் அந்த வழியில் போகலாம். யானைமலை, நாகமலை மாதிரிக் குன்றுகளில் யாரும் தலை எண்ணி அனுப்புவதில்லை. அங்கே எண்ண வேண்டியது நீங்கள்தான்.

மீட்கப்பட்டவர்களிடம் பணம் வாங்கினால் புத்தி வரும் என்று சிலர் சொல்கிறார்கள். அமெரிக்காவின் நியூ ஹாம்ப்ஷயரில் அலட்சியமாகப் போனவர்களிடம் வாங்கவும் செய்கிறார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. பில்லுக்குப் பயந்து கால் ஒடிந்தவன் விடியும்வரை கிடப்பான். ஆனால் தலைக்கு இவ்வளவு என்று வசூல் செய்த குழுவிடம் கேட்பதில் தப்பே இல்லை. காசு வாங்கினவர்கள் கணக்கும் சொல்லட்டும்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை போஸ்டர் இந்நேரம் தயாராக இருக்கும். அதில் இறங்கும் நேரத்தைப் போடுங்கள். ஆளுக்கு இரண்டு லிட்டர் தண்ணீர், ஒரு டார்ச், பிடிப்புள்ள ஷூ இல்லாதவரை அடிவாரத்திலேயே நிறுத்தி, காசைத் திருப்பிக் கொடுங்கள். வெள்ளனவே ஏறுங்கள். வரிசையில் கடைசி ஆளாக உங்களில் ஒருவர் வரட்டும். எத்தனை பேர் ஏறினார்கள் என்று கீழே டீக்கடையில் சொல்லிவிட்டுப் போங்கள், இறங்கினதும் வந்து சொல்லுங்கள். அதற்குக் காசு கேட்க மாட்டார்கள், டீக்கு மட்டும் கொடுத்தால் போதும்.

இப்படிக்கு,
நரசிங்கம் சாலைக்காரன் ஒருவன்