டிம்பனிக்குப் பின்வரிசையில்

அன்புள்ள ராமு,

உன் கடிதம் கிடைத்தது. முழங்கால் வலி குறைந்து மாடிப்படி ஏற ஆரம்பித்துவிட்டாய் என்பதில் சந்தோஷம். பேத்தி வயலின் பழகுவதையும், வீட்டில் எல்லோரும் காதில் பஞ்சோடு திரிவதையும் படித்துச் சிரித்தேன். தந்தி அறுந்ததும் "இனிமேல் தொடமாட்டேன்" என்று அழுதாளாமே. ஜப்பானிய வயலின் கலைஞர் மிடோரி கதையைச் சொல்லு. 1986-ல், அமெரிக்காவின் டாங்கிள்வுட் இசை விழாவில், இசையமைப்பாளர் பெர்ன்ஸ்டைன் தான் எழுதிய 'செரினேட்'டைத் தானே நடத்த, பதினாலு வயது மிடோரி வாசித்துக்கொண்டிருந்தபோது மேல்தந்தி அறுந்தது. முதல் வயலின்காரரின் வயலினை வாங்கி வாசித்தாள். அதிலும் அறுந்தது. அடுத்தவருடையதை வாங்கிக்கொண்டு முடித்தாள்.

போன வாரம் சிம்ஃபொனி கச்சேரிக்குப் போயிருந்தேன். விருந்தினராக ஒரு பெண் வயலின் கலைஞர். பீத்தோவனின் டி மேஜர் கான்செர்டோ, அதாவது தனி வயலினும் ஆர்க்கெஸ்ட்ராவும் சேர்ந்து வாசிக்கும் படைப்பு. முன்பக்கம் இடமில்லை. மேடைக்குப் பின்னால், பாடகர் குழு இல்லாத நாளில் விற்கும் இருக்கைகளில்தான் கிடைத்தது. வயலின் கேட்க மோசமான இடம். அவர் சபையைப் பார்த்து நிற்பார், ஒலியும் அந்தப் பக்கமே போகும், நமக்கு முதுகுதான். ஆனால் டிம்பனி என்கிற, குச்சியால் தட்டும் பெரிய முரசுகளை வாசிப்பவர் எனக்கு நேர் கீழே! மிருதங்கத்தை விட்டு இத்தனை வருஷமாகியும் விரல் சும்மா இருக்காதே உனக்கு, உனக்குத்தான் இதை எழுதவேண்டும் என்று அங்கேயே தோன்றியது.

மற்றவர்கள் ஓபோ என்ற குழலிடம் சுருதி வாங்கும்போது, இவர் தோலருகே காதைச் சாய்த்து, விரலால் மெல்லத் தட்டி, பெடலைக் காலால் அசைத்துச் சேர்த்துக்கொண்டார். ஒன்றில் டி, இன்னொன்றில் ஏ. கல்லும் கட்டையும் இல்லாமலே காரியம் முடிந்தது.

கான்செர்டோ தொடங்குவதே அவரிடம்தான். மெதுவாக நாலு தட்டு, ஒரே சுரம். ஐந்தாவது தட்டில் ஓபோவும் கிளாரினெட்டும் பாசூனுமாகக் குழல்கள் சேர்ந்துகொள்கின்றன. சற்று நேரத்தில் அதே நாலு தட்டை வயலின்கள் எடுக்கின்றன, டி மேஜரில் இடமே இல்லாத டி ஷார்ப்பில். அன்னிய சுரம்! யாரோ தவறவிட்டார்களோ என்று திரும்பிப் பார்க்க வைக்கும். பின்னால் வேறு சுரங்கள் கூடச் சேர்ந்து ஒலிக்கும்போதுதான் அதற்குச் சமாதானம் கிடைக்கிறது.

இத்தனை நேரமும் விருந்தாளிக்கு வேலையில்லை. மூன்று நிமிஷம் போல வயலினைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு நிற்கவேண்டும். சிலர் கூரையைப் பார்ப்பார்கள், சிலர் கைக்குட்டை தேடுவார்கள். இந்த அம்மாள் பாதி திரும்பி டிம்பனிக்காரரையே பார்த்துக்கொண்டிருந்தார். ஏன் என்பது பிறகுதான் தெரிந்தது.

1806 டிசம்பரில் வியன்னாவில் ஃபிரான்ஸ் கிளெமென்ட் முதலில் வாசித்தபோது இந்தக் கான்செர்டோ அவ்வளவாக எடுபடவில்லை. பிறகு பல வருஷம் அபூர்வமாகத்தான் வாசித்தார்கள். 1844-ல் லண்டனில் மெண்டெல்சன் நடத்த, பன்னிரண்டு வயது யோவாகிம் வாசித்தபிறகுதான் மரியாதை வந்தது. (இதையும் பேத்தியிடம் சொல்லலாம். ரொம்பச் சொன்னால் வில்லால் உன் தலையிலேயே போடுவாள்.)

இனிமேல்தான் விஷயம். கடென்சா என்று ஒரு கட்டம். ஆர்க்கெஸ்ட்ரா நின்றுவிடும், வாசிப்பவர் தனியே விளையாடுவார். ஒரு காலத்தில் மனோதர்மமாக வாசித்தார்கள், இப்போது பெரும்பாலும் எழுதி வைத்ததுதான். இந்தக் கான்செர்டோவில் வயலினுக்கு பீத்தோவன் கடென்சா எழுதி வைக்கவில்லை. பலர் வயலின் கலைஞர் கிரைஸ்லர் எழுதியதை வாசிப்பார்கள். ஆனால் இதையே பியானோவுக்கு மாற்றியபோது பீத்தோவன் ஒன்று எழுதினார், டிம்பனியையும் சேர்த்து. அதை வயலினுக்குத் திருப்பி வாசித்தார் இந்த அம்மாள்.

ஆர்க்கெஸ்ட்ராவை நடத்தும் கண்டக்டர் கையைத் தொங்கவிட்டுவிட்டார். வில்லெல்லாம் மடியில். மேடை முழுக்க ஆள் இருந்தும் இரண்டே பேர்தான் இருந்தார்கள். அம்மாள் முழுசாகவே திரும்பிவிட்டார். அப்போதுதான் அவர் முகத்தைப் பார்த்தேன், வயலினும் நேரே எங்கள் பக்கம் வந்தது. இவர் ஓடினால் அவர் தட்டிப் பிடிக்கிறார், அவர் தட்டினால் இவர் அதிலிருந்து கிளம்புகிறார். டிம்பனிக்காரரின் கண் வில்லின் நுனியை விட்டு அகலவே இல்லை. கிரைஸ்லருடையது அழகுதான், மறுக்கவில்லை. ஆனால் அதில் தாளக்காரர் சும்மா உட்கார்ந்திருப்பார். இனி எனக்கு அது போதாது.

இரண்டாம் பகுதியில் டிம்பனிக்கு வேலையே கிடையாது. பத்து நிமிஷம் போலக் கை கட்டி இருந்துவிட்டு, இடைவெளி இல்லாமல் மூன்றாம் பகுதி பிடித்துக்கொள்ளும்போது தயாராக இருக்கவேண்டும். உன்னால் முடியாது.

இடைவேளைக்குப் பிறகு பிராம்ஸின் முதல் சிம்ஃபொனி. விருந்தாளி கிளம்பியிருப்பார் என்று நினைத்தேன். பார்த்தால், இரண்டாம் வயலின்களின் கடைசி வரிசையில் உட்கார்ந்து எல்லோரோடும் சேர்ந்து வாசித்துக்கொண்டிருக்கிறார்! சிலர் இப்படிச் செய்வதாகக் கேள்விப்பட்டதுண்டு, பார்த்தது இதுதான் முதல் தடவை.

பேத்திக்கு விடுமுறை எப்போது என்று எழுது. அடுத்து மெண்டெல்சனின் இ மைனர் கான்செர்டோ வாசிக்கப்போகிறார்களாம். அதில் வயலின் உடனே ஆரம்பித்துவிடும், சின்னப்பிள்ளைக்கு அதுதான் சரி. அவளையும் உன் மகளையும் முன்னால் உட்கார வைத்துவிட்டு நாம் பின்னால் போய்விடலாம்.

அன்புடன்,
சேகர்