வழங்கியதும் விழுங்கியதும்: கணக்கு எழுதுவோருக்கு ஒரு திறந்த மடல்

தமிழ்நாட்டின் மக்கள் நல்வாழ்வுத் துறையில் திட்டங்களை வகைபிரித்து, பயனாளிகளை எண்ணி, ஆண்டறிக்கை தயாரிக்கும் அதிகாரிகளுக்கு,

வணக்கம். கிராம சுகாதார செவிலியராகச் சேர்ந்து, பகுதி சுகாதார செவிலியராக ஓய்வுபெற்றவள் நான். நீங்கள் மேலே உட்கார்ந்து கூட்டிப் பார்க்கும் எண்களைக் கீழே உட்கார்ந்து எழுதி அனுப்பியவர்களில் ஒருத்தி. ஆகவே இந்த மடலில் சொல்லப்போகும் குறைகளில் எனக்கும் பங்கு உண்டு. அதை முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன்.

ஓர் ஆண்டு அக்டோபர் 15. உலகக் கைகழுவும் நாள். எங்கள் பகுதியில் ஒரு காலனியில் விழிப்புணர்வு நிகழ்ச்சி நடத்தச் சொல்லி உத்தரவு. அந்தக் காலனிக்குத் தண்ணீர் ஏற்றும் மோட்டார் பழுதாகி நான்கு நாள் ஆகியிருந்தது. எனவே ஜீப்பில் இரண்டு கேன் தண்ணீரையும் ஏற்றிக்கொண்டு போனோம். உள்ளங்கை, புறங்கை, விரல் இடுக்கு, நகக்கண் என்று வரிசையாகத் தேய்த்துக் காட்டினோம். பெண்கள் பொறுமையாகப் பார்த்தார்கள். புகைப்படம் எடுத்து முடித்ததும் ஒரு பெரியம்மா குடத்தோடு வந்து நின்றார். "மீதித் தண்ணீரை இதில் ஊற்றிவிட்டுப் போ தாயே" என்றார். ஊற்றினேன். மாலையில் அறிக்கையில் எழுதினேன்: விழிப்புணர்வு நிகழ்ச்சி 1, பயனாளிகள் 42.

இரண்டு நாள் கழித்து டேங்க் ஆபரேட்டர் எங்கிருந்தோ ஒரு மெக்கானிக்கைப் பிடித்து வந்து மோட்டாரை ஓடவைத்தார். அந்த மாதம் அந்தக் காலனியின் உடல்நலத்துக்காக நடந்த ஒரே உருப்படியான காரியம் அதுதான். அதை எழுத என்னிடம் கட்டம் இல்லை.

என் அக்கா மகள் சமுதாய மருத்துவம் படிக்கிறாள். இந்தக் கதையைச் சொன்னபோது ஒரு முக்கோணம் வரைந்து காட்டினாள். அமெரிக்காவின் நோய்க் கட்டுப்பாட்டு மையத்துக்குத் தலைவராக இருந்த தாமஸ் ஃப்ரீடன் 2010இல் எழுதிய ஐந்தடுக்குப் பிரமிடு அது. அடித்தளத்தில் வறுமை, கல்வி, வீடு. அதற்கு மேல், யாரும் தனியாக முயற்சி எடுக்காமலே எல்லோருக்கும் நலம் தருபவை: சுத்தமான குடிநீர், அயோடின் கலந்த உப்பு. மூன்றாவது அடுக்கில், தடுப்பூசி போல ஒருமுறை செய்தால் நெடுநாள் காப்பவை. நான்காவதில் மருந்து, மாத்திரை, சிகிச்சை. உச்சியில், ஊசிமுனை போன்ற இடத்தில், அறிவுரை. கீழே போகப் போகப் பலன் பெறுவோர் கூடுகிறார்கள். மேலே போகப் போக ஒவ்வொருவரும் தானே பாடுபட வேண்டியிருக்கிறது.

பார்த்தவுடன் எனக்குச் சிரிப்பு வந்தது. எங்கள் மாதாந்திர அறிக்கை அந்த முக்கோணத்தைத் தலைகீழாக நிறுத்தியதுபோல இருக்கும். அறிவுரைக்குத்தான் கட்டங்கள் அதிகம்: முகாம், பேரணி, கோலப்போட்டி, உறுதிமொழி. காரணமும் எளிது. பேரணி ஒரே நாளில் முடியும், தலைகளை எண்ணலாம், புகைப்படம் எடுக்கலாம். குடிநீர்க் குழாயை எப்படி எண்ணுவது? அது வேறு துறை என்பீர்கள். ஆனால் 1939ஆம் ஆண்டின் மதராஸ் பொது சுகாதாரச் சட்டத்தைப் புரட்டிப் பாருங்கள். குடிநீர் வழங்கல், கழிவுநீர் வடிகால், கழிப்பிடம் ஆகியவற்றுக்கெல்லாம் அதில் தனித்தனி அத்தியாயங்கள் உண்டு. எண்பது ஆண்டுகளுக்கு முந்தைய சட்டத்துக்குத் தெரிந்தது இன்றைய படிவத்துக்குத் தெரியவில்லை.

எது சுகாதாரத் திட்டம், எது இல்லை என்று கோடு போடுவதிலேயே பாதித் தவறு நடந்துவிடுகிறது. 1982 ஜூலையில் விரிவாக்கப்பட்ட சத்துணவும், 2022 செப்டம்பரில் மதுரையில் தொடங்கிய காலை உணவும் சமூக நலத் துறையின் கணக்கு. 2021இல் வந்த மகளிர் கட்டணமில்லாப் பேருந்து போக்குவரத்துத் துறையின் கணக்கு. எங்கள் பகுதியில் ஒரு பெண் தாலுகா மருத்துவமனைக்குப் போய் வரப் பஸ் காசில்லாமல் இரத்த அழுத்த மாத்திரையை ஒன்றுவிட்டு ஒரு நாள் விழுங்கிக்கொண்டிருந்தார். பஸ் இலவசமானதும் மாதம் தவறாமல் போய் வாங்கத் தொடங்கினார். அவருக்கு நான் சொன்ன அறிவுரை ஒவ்வொன்றும் கணக்கில் ஏறியது. பஸ் அந்தக் கணக்கில் ஏறவில்லை.

இனி எண்ணும் முறைக்கு வருகிறேன். இங்கேதான் என் ஆற்றாமை அதிகம்.

கர்ப்பிணிக்கு 180 இரும்புச்சத்து மாத்திரை கொடுக்க வேண்டும். கொடுத்தோம், எழுதினோம். வழங்கியது பதிவேட்டில் இருக்கிறது. விழுங்கியது எங்கே இருக்கிறது? வயிற்றைப் பிரட்டுகிறது என்று மாத்திரையை அரிசிப் பானைக்குப் பின்னால் வைத்துவிட்ட பெண்களை எனக்குத் தெரியும். 2019-21 தேசியக் குடும்ப நல ஆய்வின்படி தமிழ்நாட்டில் 99.6 சதவீதப் பிரசவங்கள் மருத்துவமனையில் நடக்கின்றன. பெருமைதான், அதில் என் வியர்வையும் உண்டு. அதே ஆய்வில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் 53.4 சதவீதம் பேருக்கு இரத்தசோகை. முதல் எண்ணை மேடையில் சொல்கிறோம். இரண்டாவது எண்ணில் காலனிப் பெண்கள் எத்தனை பேர், நூறுநாள் வேலையை நம்பிப் பிழைப்பவர்கள் எத்தனை பேர் என்று எங்கள் மாதாந்திரப் பதிவேட்டைப் பார்த்து யாராலும் சொல்ல முடியாது. மாத்திரை வாங்கியவர் பெயர் மட்டும் இருக்கும்.

முகாம் கணக்கு இன்னும் வேடிக்கை. ஒரு பாட்டி வருவார். சர்க்கரை பார்ப்போம், ஒன்று. இரத்த அழுத்தம் பார்ப்போம், இரண்டு. கண், மூன்று. ஆலோசனை, நான்கு. ஒரே பாட்டி நான்கு பயனாளியாகி வீடு திரும்புவார். வராத பாட்டி பூஜ்யம்கூட ஆவதில்லை. பூஜ்யம் என்றாலும் ஒரு கட்டம் வேண்டுமல்லவா?

சரியாக எண்ணவும் நமக்குத் தெரியும். 2020இல் மாநிலம் முழுவதும் எடுத்த ஆய்வில், இரத்த அழுத்தம் உள்ளவர்களில் 7.3 சதவீதம் பேருக்கும் சர்க்கரை நோய் உள்ளவர்களில் 10.8 சதவீதம் பேருக்கும்தான் நோய் கட்டுக்குள் இருப்பதாகத் தெரிந்தது. அந்த ஆய்வு, மருந்து வாங்கியவர்களை மட்டும் எண்ணி நிறுத்தவில்லை. பின்னத்தில் நோய் உள்ளவர்கள் அனைவரையும் கீழே வைத்து, நோய் கட்டுக்குள் இருப்பவர்களை மேலே வைத்தது. 2021 ஆகஸ்டில் கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் மக்களைத் தேடி மருத்துவம் தொடங்கியதற்கு அப்படிப்பட்ட கணக்குத்தான் நியாயம் சொன்னது. வீட்டு வாசலுக்கே மாத்திரை போவதைக் கண்ணால் கண்டவள் நான். அந்தத் திட்டத்தைக் குறை சொல்ல எனக்கு வாய் வராது. ஆனால் 2022 டிசம்பரில் திருச்சி மாவட்டத்தில் ஒரு கோடியாவது பயனாளி என்று விழா எடுத்தோம். ஏழு சதவீதம் எதுவாக ஆயிற்று என்பதல்லவா விழாவில் கேட்டிருக்க வேண்டிய கேள்வி?

வேல்ஸ் நாட்டில் கிளின்கோரக் என்ற நிலக்கரிச் சுரங்க ஊரில் ஜூலியன் டியூடர் ஹார்ட் என்று ஒரு மருத்துவர் இருந்தார். யாருக்கு மருத்துவம் அதிகம் தேவையோ அவர்களுக்குத்தான் அது குறைவாகக் கிடைக்கிறது என்று 1971இல் எழுதியவர். அக்கா மகள் அதைப் பெரிய கோட்பாடாகச் சொன்னாள். எனக்கு அதைவிடப் பிடித்தது அவர் செய்த வேலை: தன்னிடம் பதிந்திருந்த ஊர்க்காரர்கள் எல்லோருக்கும் இரத்த அழுத்தம் பார்ப்பது என்று வைத்துக்கொண்டார், வராதவர்களைத் தேடிப் போனார். நம் ஊரில் செவிலியர் செய்யும் வேலைதான். ஒரே வித்தியாசம், அவருடைய பட்டியலில் வராதவர்களும் இருந்தார்கள்.

எங்கள் பட்டியலிலிருந்து அவர்கள் எப்படிக் காணாமல் போகிறார்கள் என்பதற்குச் செங்கல் சூளை ஒன்று போதும். தை பிறந்ததும் வேறு மாவட்டங்களிலிருந்து குடும்பங்கள் வந்து இறங்கும். பெரும்பாலும் இருளர்கள். கர்ப்பிணியைப் பதிந்து அரசு தரும் பிக்மி எண் சொந்த ஊரில் இருக்கும். பல பேருக்கு எண்ணே இருக்காது. ரேஷன் அட்டை அடகுக் கடையில் இருக்கும். அவள் ஊரில் செவிலியர் "வெளியூர் சென்றுள்ளார்" என்று எழுதுவார். என் பகுதியில் அவள் "நம் மக்கள்தொகை அல்ல". இரண்டு துணை சுகாதார நிலையங்களும் நூறு சதவீதம் காட்டும், அவள் சூளையில் கல் அறுத்துக்கொண்டிருப்பாள். அப்படி ஒரு பெண்ணுக்கு ஊசி போட்டுவிட்டு வந்து, அதை எங்கே ஏற்றுவது என்று தெரியாமல் "இதர" என்ற கட்டத்தில் ஏற்றினேன். ஆய்வுக் கூட்டத்தில் "இதர ஏன் இத்தனை?" என்று கேட்டார்கள். அடுத்த மாதம் ஊசி போட்டேன், ஆனால் கணக்கில் ஏற்றவில்லை. பெரிய தவறு, எனக்கே தெரியும்.

கட்டங்களைக் கூட்டச் சொல்லி இதை எழுதவில்லை. இப்போது இருக்கும் பதிவேடுகளுக்கும் செல்போன் செயலிகளுக்குமே என் தங்கைமார் இரவு பத்து மணிவரை விழித்திருக்கிறார்கள். பேரணி, உறுதிமொழி, கோலப்போட்டி ஆகிய கட்டங்களை அடித்துவிடுங்கள். ஒரு குழந்தையும் இளைத்துவிடாது. மிச்சமாகும் இடத்தில், எத்தனை பேர் இருக்கிறார்கள், அவர்களில் எத்தனை பேரை இன்னும் பார்க்கவில்லை, அவர்கள் எந்தத் தெருவில் இருக்கிறார்கள் என்று கேளுங்கள். ஊர், காலனி, இருளர் குடியிருப்பு, சூளை, எஸ்டேட் லயன் என்று பிரித்துக் கேளுங்கள். சாதிவாரியாகப் பிரித்தால் பிரச்சினை வரும் என்று ஒரு மருத்துவ அலுவலர் என்னிடம் சொன்னார். தெருவே அப்படித்தானே பிரிந்து கிடக்கிறது, ஐயா? ஆள் பெயரோடு சாதியைப் பொதுவில் போட வேண்டாம். குடியிருப்புவாரியாகக் கூட்டுத்தொகை போதும். மோட்டார் பழுது, ரேஷன் அட்டை இல்லாமை, பட்டா இல்லாத குடிசை ஆகியவற்றைச் சரிசெய்தது எந்தத் துறையாக இருந்தாலும், அதையும் சுகாதாரக் கணக்கில் வரவு வையுங்கள்.

பணியில் இருந்த கடைசி ஏழு ஆண்டுகள் நாற்பது பக்க நோட்டு ஒன்று தனியாக வைத்திருந்தேன். யாரும் கேட்காத நோட்டு. மாதாமாதம் பார்க்க முடியாமல் போனவர்களும், பக்கத்தில் காரணமும்: சூளை, பிரசவத்துக்குத் தாய்வீடு, கணவன் விடவில்லை, மழையில் ஓடை தாண்ட முடியவில்லை, நான் போகவில்லை. கடைசிக் காரணமும் நிறைய இடத்தில் இருக்கிறது. புதிய படிவம் தயாரிக்கும்போது பயன்படும் என்றால், பெயர்களை மறைத்து நகல் எடுத்துத் தருகிறேன். யாரையாவது அனுப்புங்கள். புதன்கிழமை மட்டும் வேண்டாம். அன்று தடுப்பூசி நாள். பழக்க தோஷம், காலையிலேயே துணை சுகாதார நிலையத்துக்குப் போய் உட்கார்ந்துவிடுவேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற பகுதி சுகாதார செவிலியர் ஒருத்தி