காட்டில் கட்டிய கேமராவும் ஒருவருடைய சொத்துதான்: விஸ்கான்சின் கன்சர்வேஷன் காங்கிரஸுக்கு ஒரு திறந்த மடல்

விஸ்கான்சின் கன்சர்வேஷன் காங்கிரஸின் கவுண்டிப் பிரதிநிதிகளுக்கு வணக்கம்.

வேட்டை, காட்டுயிர் விஷயங்களில் மாநில அரசுக்கு மக்கள் சார்பில் ஆலோசனை சொல்லும் உங்கள் பேரவையின் ஏப்ரல் மாத வசந்தகாலக் கூட்டத்துக்கு எங்கள் கவுண்டியிலிருந்து (நம் ஊர் மாவட்டம் போன்றது) ஒரு தீர்மானம் வரும். பொது வேட்டை நிலங்களில் கட்டிவைக்கும் டிரெயில் கேமராக்கள் திருடுபோவதைப் பற்றியது அது. எழுதியவன் நான். தீர்மானப் படிவத்தில் இடம் குறைவு. கோரிக்கையைச் சொல்லலாம், கோபத்தைச் சொல்ல முடியாது. அந்தக் கோபத்தையும் அதற்கான காரணத்தையும் இங்கே என் மொழியில் எழுதுகிறேன். இந்த மாநிலத்தில் வேட்டை உரிமம் எடுத்துக்கொண்டு நவம்பரில் காட்டுக்குள் போகும் தமிழர்கள் என்னைப் போல ஒரு சிலராவது இருக்கிறார்கள். அவர்களும் படிக்கட்டும்.

வேட்டை என்றாலே குற்றம் என்று 1972-ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ் வளர்ந்த இந்தியத் தமிழருக்கு இரண்டு வரி விளக்கம் தேவைப்படும். அமெரிக்காவில் துப்பாக்கி, தோட்டா, வில், அம்பு விற்பனையில் நடுவண் அரசு ஒரு தனி வரி வசூலிக்கிறது. 1937-இல் வந்த பிட்மன்–ராபர்ட்சன் சட்டம் அந்தப் பணத்தைக் காட்டுயிர்ப் பாதுகாப்புக்காக மாநிலங்களுக்குப் பிரித்துத் தருகிறது. நீண்ட துப்பாக்கிக்கும் தோட்டாவுக்கும் 11 விழுக்காடு. அதோடு உரிமக் கட்டணமும் சேர்ந்துதான் பொது வேட்டை நிலங்கள் பலவற்றை வாங்கவும் பராமரிக்கவும் உதவுகிறது. நன்றி செலுத்தும் நாளுக்கு முந்தைய சனிக்கிழமை தொடங்கி ஒன்பது நாள் நடக்கும் மான் பருவத்துக்கு விஸ்கான்சினில் 5 லட்சத்துக்கும் மேற்பட்டோர் உரிமம் வாங்குகிறார்கள். சொந்தமாக நாற்பது ஏக்கர் காடு உள்ளவர்கள் அங்கே போவார்கள். வாடகை வீட்டில் இருக்கும் எங்களைப் போன்றவர்களுக்குப் பொது நிலம்தான் காடு.

அந்தக் காட்டில் எங்கே மான் நடமாடுகிறது, எந்த நேரத்தில் வருகிறது என்று அறிய மரத்தில் ஒரு சிறு பெட்டியைக் கட்டுகிறோம். அதுதான் டிரெயில் கேமரா. வெப்பமும் அசைவும் பட்டால் அது தானே படம் எடுக்கும். நம் ஊர்ப் புலிக் கணக்கெடுப்பில் வைக்கும் தானியங்கிக் கேமராவின் உறவுக்காரப் பெட்டிதான்.

இனி விஷயத்துக்கு வருகிறேன். இயற்கை வளத் துறை தன் நிலத்தில் கேமரா கட்ட அனுமதிக்கிறது. நிபந்தனை ஒன்று: உரிமையாளரின் பெயரும் முகவரியும், அல்லது துறை கொடுத்த வாடிக்கையாளர் எண், கேமராவில் கண்ணுக்குத் தெரியும்படி இருக்கவேண்டும். நியாயமான விதி. யாருடையது என்று தெரியாத பொருள் அரசு நிலத்தில் தொங்கக் கூடாது. நாங்கள் எழுதுகிறோம். ஆனால் அந்த எண் ஒரு பக்கம் மட்டுமே வேலை செய்கிறது. விதியை மீறினால் அந்த எண்ணை வைத்து எங்களைக் கண்டுபிடிக்கலாம். கேமரா காணாமல் போனால் அதே எண்ணை வைத்து கேமராவைக் கண்டுபிடிக்க எந்த ஏற்பாடும் இல்லை.

புகார் செய்யப் போனால் என்ன நடக்கும் என்பது பொது நிலத்தில் வேட்டையாடும் பலருக்குத் தெரியும். ஒரு கவுண்டியில், பெயர் வேண்டாம், எனக்கு நடந்தது இது. வேட்டை விதிகளைக் காக்கும் துறை அதிகாரியான வார்டன், இது திருட்டு வழக்கு, கவுண்டிக் காவல்துறையான ஷெரிஃப் அலுவலகத்தில் சொல்லுங்கள் என்றார். ஷெரிஃப் அலுவலகத்தில், அரசு நிலத்தில் விட்டுவிட்டு வந்ததற்கு நாங்கள் என்ன செய்வது, வார்டனிடம் கேளுங்கள் என்றார்கள். இருவரும் மரியாதையாகத்தான் பேசினார்கள். என்னிடம் வரிசை எண் இருந்தது, வாங்கிய ரசீது இருந்தது, திருடியவனின் முகம்கூடப் பாதி இருந்தது. அந்தக் கேமரா செல்பேசி அலைவரிசையில் படம் அனுப்பும் வகை. அவன் பெட்டியைத் திறக்கும் முன்பே படம் என் கைக்கு வந்துவிட்டது. அதை வாங்கிப் பார்க்கத்தான் ஆள் இல்லை.

சட்டம் இல்லாமல் இல்லை. விஸ்கான்சின் சட்டத் தொகுப்பின் 943.20-ஆம் பிரிவின்படி 2,500 டாலருக்கு மேற்படாத பொருளைத் திருடினால் ஒன்பது மாதம் வரை சிறை, 10,000 டாலர் வரை அபராதம், அல்லது இரண்டும். மரத்தில் கட்டிய பொருளுக்கு அது பொருந்தாது என்று எந்த வரியும் சொல்லவில்லை. ஆனால் 150 டாலர் கேமராவுக்காக யார் காட்டுக்குள் நடப்பது என்ற சலிப்பு எல்லா மேசைகளிலும் இருக்கிறது. திருடுபவனுக்கும் அந்தச் சலிப்பு தெரிந்திருக்கிறது.

எடுப்பவர்கள் எல்லோரும் ஒரே மாதிரி ஆட்கள் அல்லர். பார்க்கிங் இடத்திலிருந்து நடந்து வரும்போது கண்ணில் பட்டதால் அவிழ்த்துப் பையில் போட்டுக்கொள்பவன் ஒருவன். அவனைத் தடுக்க ஒரு கம்பிப் பூட்டே போதும். இரண்டாவது ஆள் இதைவிட மோசம். பல வருடங்களாக அந்த ஓடைக்கரையில் தான் மட்டுமே உட்கார்ந்து பழகியவன். பொது நிலம் என்பதைத் தன் நிலம் என்று நினைத்துக்கொண்டிருப்பவன். அவனுக்குக் கேமரா வேண்டாம், நாம் அங்கே வரக் கூடாது, அவ்வளவுதான். சிலசமயம் மெமரி கார்டை மட்டும் உருவிக்கொண்டு போவான், சிலசமயம் லென்ஸில் சேற்றைப் பூசிவிட்டுப் போவான். கார்டை எடுத்தாலும் திருட்டுதான் என்று வேட்டை விதிக் கையேட்டில் ஒரு வரி அச்சடித்தால் இவனிடம் கொஞ்சம் வேலை செய்யும் என்பது என் நம்பிக்கை. அச்சில் இருப்பதை மதிக்கிற ஆள்தான் அவன். தன் உரிமையைப் பற்றிப் பேச அவன் எப்போதும் அந்தக் கையேட்டைத்தான் எடுத்துக் காட்டுவான்.

மூன்றாவதாக ஒருவர் இருக்கிறார், அவரைத் திருடர் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. காளான் பறிக்கவோ பறவை பார்க்கவோ குழந்தையோடு வந்து, மரத்திலிருந்து ஏதோ ஒன்று தன்னைப் படம் எடுத்ததைப் பார்த்து ஆத்திரப்பட்டவர். நடைபாதையை நோக்கிக் கேமராவைத் திருப்பி வைக்கும் வேட்டைக்காரர்களிடம் நான் சண்டை போட்டிருக்கிறேன். பாதையில் மனிதர்தான் அதிகம் நடப்பார்கள். அங்கே கட்டினால் நாள் முழுக்க மனிதர் படமே வரும், கேமராவும் ஒரு நாள் போகும். இந்த மாநிலத்தின் ஸ்நாப்ஷாட் விஸ்கான்சின் திட்டத்தில் தன்னார்வலர்கள் கட்டும் கேமராக்களை வைத்துத்தான் துறையே காட்டுயிர்களைக் கவனிக்கிறது. கேமரா என்றாலே உளவு என்ற எண்ணம் மக்களிடம் பரவினால் இழப்பு வேட்டைக்காரனுக்கு மட்டுமல்ல.

பிரதிநிதிகளில் சிலர், உங்கள் பொருளை நீங்களே பாதுகாத்துக்கொள்ளுங்களேன் என்பீர்கள். செய்கிறோம். இரவில் மங்கலான சிவப்பு ஒளி தெரியும் 850 நானோமீட்டர் விளக்குக்குப் பதில், மனிதக் கண்ணுக்குத் தெரியாத 940 நானோமீட்டர் விளக்குள்ள கேமராவை வாங்குகிறோம். படம் எட்டும் தூரம் குறைகிறது, பொறுத்துக்கொள்கிறோம். இரும்புப் பெட்டிக்குள் வைத்துப் பூட்டுகிறோம். தனியார் நிலத்தில் அந்தப் பெட்டியை மரத்தில் திருகாணி போட்டு இறுக்கலாம். பொது நிலத்தில் மரத்தைத் துளைக்கக் கூடாது, துளைக்கவும் வேண்டாம். அதனால் எல்லாம் வாரிலும் கம்பியிலும்தான் நிற்கிறது. கம்பி வெட்டும் கத்தரி எந்த இரும்புக் கடையிலும் கிடைக்கும்.

இருப்பதில் பயனுள்ள வழி உயரம். ஏறுபடியை வைத்துப் பத்து அடி உயரத்தில் கட்டி, கீழ்நோக்கிச் சாய்த்துவிட்டால் நடந்து போகிறவர் கண்ணில் எளிதில் படாது. மனிதர் தரையையும் நேர்மட்டத்தையும்தான் பார்த்து நடக்கிறார்கள், மானும் மிரளாது. ஆனால் பத்து அடி உயரத்தில் கட்டிய கேமராவில் என் எண் கீழே நிற்கும் வார்டன் கண்ணில் எப்படிப் படும்? கண்ணில் படவேண்டும் என்கிறது விதி. கண்ணில் பட்டால் போய்விடும் என்கிறது அனுபவம். அடிமரத்தில் எண் எழுதிய ஒரு சிறு தகடு கட்டினால் போதும் என்று விதியைத் தெளிவுபடுத்தினாலும், கேமரா மேலே இருக்கிறது என்று தகடே காட்டிக்கொடுத்துவிடும். என் யோசனை இது: எந்த உயரத்தில் கட்டினாலும், கேமராவின் அடிப்பக்கத்தில் எண் இருந்தால் விதி நிறைவேறியதாகக் கொள்ளுங்கள். வார்டனிடம் தொலைநோக்கி இருக்கும். அதோடு, முகவரி எழுதும் வழக்கத்தையே விட்டுவிட்டு எண்ணை மட்டும் எழுதச் சொல்லுங்கள். ஒருவர் வாரக்கடைசி முழுவதும் வீட்டில் இல்லை, காட்டில் இருக்கிறார் என்ற செய்தியை அவர் வீட்டு முகவரியோடு சேர்த்து மரத்தில் தொங்கவிடுவது எனக்குப் புத்திசாலித்தனமாகப் படவில்லை.

தீர்மானத்தின் மையம் பதிவேடு. உரிமம் வாங்கும் இணையதளமான கோ வைல்டின் கணக்கில் எங்கள் வாடிக்கையாளர் எண் ஏற்கெனவே இருக்கிறது. அதில் கேமராவின் வரிசை எண்ணைச் சேர்க்க ஒரு கட்டம் திறந்துவிடுங்கள். கட்டாயம் வேண்டாம், விரும்பியவர் சேர்க்கட்டும். திருடுபோனால் அங்கேயே குறித்துவைக்கலாம். வேறு எதற்காகவோ ஒரு வண்டியை நிறுத்திச் சோதிக்கும் வார்டன், பின்பெட்டியில் ஆறு கேமராக்களைக் கண்டால், அவை யாருடையவை என்று இன்று கேட்கத்தான் முடியும். பதிவேடு இருந்தால் பார்க்க முடியும். பழைய பொருள் வாங்குகிறவரும் வாங்கும் முன் எண்ணைச் சரிபார்க்கலாம். செலவுக்கு ஒரு டாலர் கட்டணம் வையுங்கள். துப்பாக்கிக்கும் வில்லுக்கும் வரி கட்டிப் பழகிய கூட்டம் இது. கேமராவுக்கு அந்த வரி இல்லை என்பது எங்களுக்கும் தெரியும், ஒரு டாலருக்கு முணுமுணுக்கமாட்டோம். முணுமுணுத்தாலும் கட்டிவிடுவோம்.

அடுத்தது உரிமம். அனுமதியில்லாமல் ஒரு மானைச் சுட்டவன் வேட்டை உரிமத்தை இழக்கலாம். காட்டுயிர்க் குற்றவாளிகள் பற்றிய மாநிலங்களுக்கிடையேயான உடன்பாட்டில் விஸ்கான்சினும் பெரும்பாலான மாநிலங்களும் இருப்பதால், இங்கே இழந்தவன் பக்கத்து மாநிலத்துக்குப் போய் வேட்டையாடவும் முடியாது. ஆனால் அதே காட்டில் இன்னொரு வேட்டைக்காரனின் கேமராவையோ பரணையோ திருடியவன் மாட்டிக்கொண்டாலும், அவன் குற்றம் சொத்துக் குற்றங்களின் 943-ஆம் அத்தியாயத்தில் இருக்கிறது, காட்டுயிர்ச் சட்டமான 29-ஆம் அத்தியாயத்தில் இல்லை. அபராதத்தைக் கட்டிவிட்டு, அடுத்த சனிக்கிழமை அதே மரத்தடியில் துப்பாக்கியோடு அவன் உட்காரலாம். பொது நிலத்தில் வேட்டைக் கருவிகளைத் திருடியதாகத் தீர்ப்பானால் மூன்றாண்டு வேட்டை உரிமம் ரத்து என்று சட்டமன்றத்துக்குப் பரிந்துரையுங்கள். 1934 முதல் இந்தப் பேரவை ஆலோசனைதான் சொல்லி வருகிறது, சட்டம் இயற்றுவதில்லை என்று தெரியும். 72 கவுண்டிகளின் ஆலோசனை என்றால் துறைக்குக் கொள்கை வகுக்கும் இயற்கை வள வாரியத்தின் ஏழு உறுப்பினர்களும் படிக்காமல் விடமாட்டார்கள்.

இதைப் பேசத் தொடங்கினால் யாராவது ஒருவர் எழுந்து, கேமராவையே தடைசெய்துவிட்டால் திருட்டும் இருக்காதே என்பார். மேற்கே அது நடந்திருக்கிறது. அரிசோனாவில் 2022 ஜனவரி முதல் வேட்டைக்காக டிரெயில் கேமரா பயன்படுத்த முடியாது. நெவாடாவில் பொது நிலங்களில் ஆகஸ்ட் தொடங்கி டிசம்பர் முடியும்வரை பயன்படுத்தக் கூடாது. யூட்டாவிலும் ஏறக்குறைய அதே மாதங்கள். கான்சஸ் 2023-இல் துறையின் பொது நிலங்களிலிருந்து கேமராக்களை விலக்கியது. அரிசோனாவின் நியாயம் எனக்குப் புரிகிறது. வறண்ட நிலத்தில் விலங்குகளுக்கு ஒரே ஒரு நீர்த்துறை, அதைச் சுற்றி வரிசையாகக் கேமராக்கள் என்றால் அது வேட்டை அல்ல. விஸ்கான்சினில் மானுக்குத் தண்ணீர் இல்லாத இடத்தைத் தேடித்தான் கண்டுபிடிக்கவேண்டும். அந்தக் காரணம் இங்கே பொருந்தாது.

ஆனால் ஒன்றை விட்டுக்கொடுக்க நான் தயார். மான் பருவத்தின் அந்த ஒன்பது நாளில் படத்தை உடனுக்குடன் செல்பேசிக்கு அனுப்பும் கேமராக்களைப் பொது நிலத்தில் அணைத்துவைக்கச் சொல்லுங்கள். மான் இப்போது இந்த மரத்தடியில் நிற்கிறது என்று கையில் செய்தி வந்து, எழுந்து போய்ச் சுடுவது எனக்குப் பிடிக்கவில்லை. மாண்டனா வேட்டைப் பருவத்தில் அந்த வகைக்கு வரம்பு வைத்திருக்கிறது. திருடனைப் பிடிக்க மிகவும் உதவுவதும் அந்த வகைதான் என்பதால் இதைச் சொல்லும்போது எனக்கே சற்று வலிக்கிறது. என் வேட்டை நண்பர்கள் இந்தப் பத்திக்காக என்னை மன்னிக்கமாட்டார்கள். பருவம் முடிந்தபின் கேமராவைக் கழற்றாமல் வருடக்கணக்கில் மரத்திலேயே விட்டுவிடுவோர் மீதும் நடவடிக்கை எடுங்கள். வார் மரத்தை இறுக்குகிறது, பாட்டரி கசிகிறது, எல்லோருக்கும் கெட்ட பெயர்.

தமிழில் படிக்கும் நண்பர்களுக்கு ஒரு வேண்டுகோள். இந்த ஏப்ரல் கூட்டத்தில் வாக்களிக்க நீங்கள் வேட்டைக்காரராக இருக்கவேண்டியதில்லை. அந்தந்தக் கவுண்டியில் குடியிருந்தால் போதும். உங்கள் கேமராவின் வரிசை எண்ணை இன்றே படம் எடுத்து வையுங்கள், ரசீதையும்தான். பதிவேடு வரும்வரை உங்களிடம் இருக்கப்போகும் சான்று அவ்வளவுதான்.

பிரதிநிதிகளே, மூன்று கோரிக்கைகளும் ஒரே தீர்மானத்தில் இருப்பதால் ஒன்றுக்காக மற்றவை தோற்கலாம் என்று எங்கள் கவுண்டியின் பிரதிநிதி ஒருவர் எச்சரித்தார். பிரித்துத் தர ஆயத்தமாக இருக்கிறேன். பதிவேட்டுக்குப் பணம் இல்லை என்றால் அதை அடுத்த ஆண்டுக்குத் தள்ளுங்கள். எண் எழுதும் இடத்தைப் பற்றிய விதியையும் தள்ளுங்கள். உரிம ரத்துக்கான பரிந்துரையை மட்டும் இந்த ஏப்ரலில் வாக்கெடுப்புக்கு விடுங்கள். அதற்கு மென்பொருள் வேண்டாம், ஆள் வேண்டாம், பணமும் வேண்டாம்.

இப்படிக்கு,
பொது நிலத்தில் வேட்டையாடும் ஓர் உரிமதாரர்,
டேன் கவுண்டி, விஸ்கான்சின்