கறுப்புக் கோடு ஏன் ஒரே மாதிரி வரவில்லை: வாடிக்கையாளர்களுக்கு ஒரு மடல்

அன்புள்ள வாடிக்கையாளர்களுக்கு,

வணக்கம். கரைசல்களைச் சோதிக்கும் உங்கள் உணரிகளுக்கு நாங்கள் லேசரால் வரைந்து தரும் மின்வாய்களைப் (மின்சாரம் கடத்தும் கறுப்புக் கோடுகளைப்) பற்றியது இந்த மடல். "அதே படம்தான் தந்தோம், போன தடவை வந்த மின்னோட்டம் இந்தத் தடவை வரவில்லையே" என்று உங்களில் சிலர் கொழும்பு கொட்டாஞ்சேனைக் கடைக்கே வந்து கேட்டீர்கள். உங்கள் கரைசலில்தான் ஏதோ கோளாறு என்று முதலில் நினைத்தோம். பிழை எங்களுடையது.

கல்யாண அட்டை வெட்டும் அதே காபனீரொட்சைட்டு லேசரில்தான் உங்கள் மின்வாய்களையும் வரைகிறோம். மை எதுவும் பூசுவதில்லை. ஃபோன் திருத்துபவர்களிடம் பழுப்பு நிற கப்டன் டேப் இருக்குமே, அந்தச் சூடு தாங்கும் பிளாஸ்டிக்கான பொலிஇமைட்டுத்தான் நமது ஷீட்டும். கதிர் படும் இடம் கண் இமைப்பதற்குள் 2500 பாகை செல்சியசைத் தாண்டிச் சூடாகிறது. ஒட்சிசனும் நைதரசனும் வாயுவாகக் கிளம்பிப் போக, மிஞ்சும் காபன் அப்பத்தின் நடுப்பகுதி போலத் துளைத்துளையாகப் பொங்கி நிற்கிறது. அதில் பெரும்பங்கு கிரபீன், அதாவது மின்சாரத்தை நன்றாகக் கடத்தும் மிக மெல்லிய காபன் படலம். 2014இல் அமெரிக்காவின் ரைஸ் பல்கலைக்கழகத்தில் ஜேம்ஸ் டூர் குழுவினர் வெளியிட்ட முறை இது. துளைகளால் பரப்பு கூடுகிறது. உங்கள் உணரிக்கு வேண்டியதும் அதுதான்.

கதிரின் குவியம் சற்று விலகினாலே காபன் இப்படிப் பொங்குவது மாறிவிடும். சூடு குறைந்தால் கோடு கறுப்பாகத் தெரியும், மின்தடை மட்டும் ஏறியிருக்கும். கூடினால் காபன் தூளாக உதிரும். எங்கள் வில்லையில் அக்ரிலிக் புகை படிந்திருந்தது. போதாததற்கு மெல்லிய ஷீட் ஓரங்களில் சுருண்டு எழும்பியிருக்கிறது. பெயர்ப்பலகைக்கு இதெல்லாம் ஒரு பொருட்டே இல்லை, அதனால் கவனிக்காமல் விட்டோம்.

இப்போது ஷீட்டை ஒரு டைலில் இழுத்து ஒட்டித்தான் வரைகிறோம். மின்வாய் வேலைக்கு முன் வில்லையைத் துடைக்கிறோம். ஒவ்வொரு ஷீட்டின் மூலையிலும் ஒரு சோதனைக் கோடு போட்டு, மல்டிமீற்றர் காட்டும் ஓம் அளவைப் பேனையால் எழுதித் தருகிறோம். விலை கூடாது.

உங்கள் பக்கமும் ஒன்றிரண்டு. கறுப்புப் பகுதியை விரலால் தொட வேண்டாம். வளைக்கலாம், மடிக்கக் கூடாது. துளைகள் கரைசலை உறிஞ்சி, வயர் மாட்டும் கிளிப் வரை ஏற்றிவிடும். அதைத் தடுக்க மின்வாயின் கழுத்துப் பகுதியில் நகப்பூச்சு ஒரு கோடு இழுத்துக் காயவிட்டால் சரி. ஒப்பீட்டு மின்வாய்க்கு (மற்ற மின்வாயின் மின்னழுத்தத்தை ஒப்பிட்டு அளக்க வைப்பது) வெள்ளிப் பசை பூசி, காய்ந்தபின் குளோரீன் வெளுப்பானில் சற்று நேரம் வைத்தால் மேலே வெள்ளிக் குளோரைட்டுப் படியும். (நகைக்கடைகள் நிறைந்த செட்டியார் தெருவில் வெள்ளி வாங்கி வந்து உருக்கலாமா என்று ஒரு தம்பி கேட்டார். வேண்டாம் தம்பி.)

மலிவு என்று ஓஎச்பி ஷீட் (புரொஜெக்டரில் வைக்கும் கண்ணாடி போன்ற ஷீட்) கொண்டு வருகிறீர்கள். அது பொலியெஸ்டர், லேசரில் உருகுமே தவிர இப்படிக் காபனாகப் பொங்காது. பிவிசியைக் கடைக்குள்ளேயே எடுக்க மாட்டோம். அதன் புகையில் ஐதரசன் குளோரைட்டு வரும், இயந்திரமும் துருப்பிடிக்கும், எங்கள் நெஞ்சும் எரியும்.

கடந்த இரண்டு மாதங்களில் வாங்கிய ஷீட்களை, பாதி வெட்டியிருந்தாலும், கொண்டு வாருங்கள். உங்கள் முன்னாலேயே அளந்து, சரியில்லாததற்குப் புதிதாக வரைந்து தருகிறோம். பற்றுச்சீட்டு தேவையில்லை. போயா (பௌர்ணமி) நாட்களில் கடை பூட்டு.

இப்படிக்கு,
கடைக்காரர்