செய்தார், செய்தீர்

கிறிஸ்துவுக்குள் அன்பான மகளுக்கு,

அம்மா எழுதுவது. கடிதத்தின் தலைப்பில் வழக்கமாகப் போடும் "கர்த்தருக்கு ஸ்தோத்திரம்" இந்தத் தடவை இல்லை. மறந்து விடவில்லை, இப்போது உன் வாயில் வராததை உன் முகத்துக்கு நேரே நீட்ட வேண்டாம் என்றுதான் விட்டேன்.

கரு கலைந்த பிறகு, "கடவுள் மேல் இவ்வளவு கோபத்தை வைத்துக்கொண்டு எப்படி ஜெபம் பண்ணுவது?" என்று போனில் கேட்டாய். கோபத்தை வாசலில் கழற்றிப் போட்டுவிட்டு உள்ளே போக வேண்டும் என்று நினைக்கிறாய். வேதத்தில் யாரும் அப்படிப் போகவில்லை. சுமந்துகொண்டே போய் அவர் முன்னால்தான் இறக்கினார்கள்.

இறக்குவதற்கு முன்னால் மூட்டையை அவிழ்த்துப் பார். பத்தாவது வாரத்தில் பிள்ளை போன துக்கம் ஒன்று. வீடு தேடி வந்து பேசிவிட்டுப் போனவர்கள் மேல் எரிச்சல் ஒன்று. கடவுள் மேல் உள்ளது தனி. மூன்றும் ஒரே முடிச்சாகக் கிடந்தால், அந்த ஆட்கள் பேசியதற்கும் சேர்த்து அவரிடம் கோபப்படுவாய்.

"கர்த்தர் கொடுத்தார், கர்த்தர் எடுத்தார்" என்று உன்னிடம் மூன்று பேர் சொன்னார்களாம். அது யோபு தன் பத்துப் பிள்ளைகளையும் பறிகொடுத்துவிட்டுத் தன் வாயால் சொன்ன வார்த்தை. வேறு யாரும் வந்து அவனுக்குச் சொன்னதில்லை. அவன் சிநேகிதர்கள் ஏழு நாள் இரவும் பகலும் பேசாமல் தரையில் உட்கார்ந்திருந்தார்கள். அவர்கள் செய்ததில் உருப்படியான காரியம் அது ஒன்றுதான். வாயைத் திறந்த பிறகு யோபு அவர்களுக்கு வைத்த பெயர் "அலட்டுண்டாக்குகிற தேற்றரவாளர்". பிறந்த நாளைச் சபித்தவன், என்னை ஏன் உமக்குக் குறியாக வைத்தீர் என்று கேட்டவன் யோபு. ஆனால் 42-ஆம் அதிகாரத்தில் கடவுளின் கோபம் அந்தச் சிநேகிதர்கள் மேல்தான் வருகிறது. யோபு பேசினதுபோல் நீங்கள் பேசவில்லை என்கிறார்.

விசுவாசக் குறைவு, பழைய பாவம் என்று ஜாடை பேசினவர்களுக்கு லூக்கா 13 போதும். சீலோவாமில் கோபுரம் விழுந்து 18 பேர் செத்தார்கள். அவர்கள் மற்றவர்களைவிடப் பாவிகளா என்று இயேசு கேட்டு, அல்ல என்று அவரே பதிலும் சொன்னார். முதல் மூன்று மாதத்தில் கலைகிற கருவில் ஏறக்குறைய பாதி குரோமோசோம் கோளாறால் போகிறது. நீ குடம் தூக்கியதாலும் இல்லை, ஜெபம் குறைந்ததாலும் இல்லை.

இப்போது அந்த வாக்குத்தத்தக் கார்டு. டிசம்பர் 31 ராத்திரி ஆராதனையில், புது வருஷத்துக்கான வசனம் என்று உன் கைக்கு வந்தது எரேமியா 29:11. உங்கள் பேரில் நான் நினைத்திருக்கிறவை தீமைக்கல்ல, சமாதானத்துக்கே என்று கடவுள் சொல்கிற வசனம். அதற்கு முந்தின வசனத்தைக் கார்டில் அச்சடிக்க மாட்டார்கள். "பாபிலோனில் எழுபது வருஷம் முடிந்தபின்பு" என்று அது தொடங்குகிறது. சிறைபட்டுப் போன ஜனத்துக்கு எழுதிய கடிதம் அது. கேட்டவர்களில் பெரும்பாலோர் ஊர் திரும்பாமல் அங்கேயே செத்திருப்பார்கள். வசனம் பொய்யில்லை. இந்த வருஷம் உனக்குப் பிள்ளை என்று அது சொல்லவும் இல்லை. அதை நம் கையில் சீட்டுப்போல் எடுத்துக் கொடுக்கிற வழக்கம் எனக்கு என்றைக்குமே பிடித்ததில்லை.

இனி மூன்றாவது, அவர் மேல் உள்ள கோபம். சங்கீதம் 13-ஐ எடு. ஆறே வசனம். முதல் இரண்டு வசனத்தில் "எதுவரைக்கும்" நான்கு தடவை வருகிறது. மூன்றும் நான்கும் என்னைப் பாரும், பதில் கொடும் என்கிற மன்றாட்டு. ஐந்தும் ஆறும்தான் நம்பிக்கை. ராத்திரி படுக்குமுன் கதவைச் சாத்திக்கொண்டு வாய்விட்டு வாசி. மனசுக்குள் வாசித்தால் கண் வரியில் ஓடும், கோபம் இருந்த இடத்திலேயே இருக்கும். முதல் வாரம் நான்காம் வசனத்தோடு நிறுத்து. ஐந்துக்கு அவசரப்படாதே. ரொம்பப் பேருக்கு இங்கேதான் கெட்டுப்போகிறது: இரண்டாம் நாளே ஸ்தோத்திரத்துக்குத் தாவிவிடுகிறார்கள். உள்ளே போன கோபம் ஒரு மாதம் கழித்துக் கட்டினவர் மேலும் சமையற்கட்டிலும் வெடிக்கும்.

வாசித்தபின் "எதுவரைக்கும்" என்று தொடங்கி நான்கு வரி நீயே எழுது. பெரிய வார்த்தை வேண்டாம். "எதுவரைக்கும் அந்த ஸ்கேன் ரிப்போர்ட் இருக்கிற அலமாரியைத் திறக்காமல் இருப்பேன்?" இந்த அளவு போதும். எழுதினதும் ஒவ்வொரு வரியிலும் வினைச்சொல்லின் கடைசியைப் பார். "ஏன் இப்படிச் செய்தார்" என்று இருந்தால் அடித்துவிட்டு "செய்தீர்" என்று மாற்று. மாறுவது ஒரே எழுத்து. "செய்தார்" என்றால் அவரைப் பற்றி யாரிடமோ குறை சொல்கிறாய். "செய்தீர்" என்றால் அவரிடமே பேசுகிறாய், அதுவே ஜெபம். சங்கீதங்களில் மிக இருட்டான 88-ஐப் பார். விடிவே இல்லாமல் முடிகிறது. அங்கேயும் சிநேகிதரை "விலக்கினீர்" என்றுதான் இருக்கிறது. சகோதரன் லாசரு செத்தபோது மார்த்தாளும் மரியாளும் இயேசுவிடம் தனித்தனியே வந்து ஒரே வாக்கியத்தைச் சொன்னார்கள்: "நீர் இங்கே இருந்தீரானால்." சிலுவையில் அவரே சொன்னதும் "ஏன் என்னைக் கைவிட்டீர்". "நீர்" என்று சொல்ல நா எழவில்லையா? புருஷனையும் இரண்டு மகன்களையும் பறிகொடுத்த நகோமிக்கும் எழவில்லை. சர்வவல்லவர் எனக்குக் கசப்பைக் கட்டளையிட்டார் என்று ஊர்ப் பெண்களிடம்தான் சொன்னாள். அவளை யாரும் கண்டிக்கவில்லை. கொஞ்ச நாள் அவளோடு இரு.

ஒரு பத்து நாள் போனபின் கணக்கு எழுது. இடது பக்கம் நீ செய்தது: இரண்டு வருஷ வெள்ளிக்கிழமை உபவாசம், நேர்ந்துகொண்ட பொருத்தனை, தவறாத தசமபாகக் காணிக்கை. வலது பக்கம் அதற்கு அவர் தரவேண்டியது என்று நீ நினைத்தது. பிறகு வலது பக்கத்தை ஒவ்வொன்றாகப் பார்த்து, இதை அவர் எங்கே வாக்குக் கொடுத்தார் என்று கேள். பெரும்பாலானதில் அவர் கையெழுத்து இருக்காது. நாமே எழுதி நாமே முத்திரை குத்தினது. விட வேண்டியது அந்தப் பத்திரத்தை. பிள்ளைக்காக அழுவதை விடச் சொல்லவில்லை. "கடவுளை மன்னித்துவிடு" என்று சிலர் சொல்வது எனக்கு ஒட்டவில்லை, அவர் உனக்குக் குற்றம் செய்யவில்லையே. அடித்தபின் மிஞ்சுவதை உரிமையோடு கேட்கலாம். நொறுங்குண்ட இருதயமுள்ளவர்களுக்குக் கர்த்தர் சமீபமாயிருக்கிறார் என்று சங்கீதம் 34-ல் இருப்பது அவர் கையெழுத்துதான். "சமீபம் என்றீரே, எங்கே?" என்று கேள்.

சிலுவைக்கு முந்தின ராத்திரி கெத்செமனே தோட்டத்தில் இயேசு ஜெபித்ததும் இதே வரிசைதான். "இந்தப் பாத்திரத்தை எடுத்துப்போடும்" முதலில், "உம்முடைய சித்தத்தின்படியே" பிறகு. அதையும் ஒரே தடவையில் முடிக்கவில்லை, மூன்று தடவை போய் ஜெபித்தார். முதல் பாதியைச் சொல்லாமல் இரண்டாவதைச் சொன்னால் உதடுதான் அசையும்.

கோவிலுக்குப் போவதானால் கடைசி பெஞ்சில் கதவோரம் உட்கார். பிள்ளை ஞானஸ்நானம் இருக்கிற ஞாயிறு எது என்று முன்கூட்டியே மாப்பிள்ளையைக் கேட்டு வைக்கச் சொல். அன்றைக்கு நடுவில் எழுந்து வந்தாலும் பாவமில்லை. பாட்டு வரவில்லையென்றால் மற்றவர்கள் பாடட்டும், நீ நில். திருவிருந்துக்குக் கை நீட்டப் பயப்படாதே, கோபம் தீர்ந்தவர்களுக்கு மட்டும் போட்ட பந்தி அல்ல அது.

எலியா தீர்க்கதரிசி சூரைச்செடியின் கீழ் படுத்து, போதும், சாகிறேன் என்றபோது தூதன் பிரசங்கம் பண்ணவில்லை. தழலில் சுட்ட அடையும் தண்ணீரும் வைத்து, சாப்பிடு என்றான். சாப்பிட்டுத் திரும்பப் படுத்தான், இரண்டாம் தரமும் எழுப்பிச் சாப்பிட வைத்தான். இரண்டு வாரத்துக்கு மேல் உறக்கமும் சாப்பாடும் இல்லாமல் போனாலோ, செத்துப்போகலாம் என்று ஒரு தடவை தோன்றினாலோ, சங்கீதத்தை மூடிவைத்துவிட்டு அன்றைக்கே டாக்டரைப் பார். அது விசுவாசக் குறைவில் சேராது.

கார்டைக் கிழிக்காதே. எரேமியா 29-க்குள் வைத்து, பத்தாவது வசனத்துக்குப் பென்சிலால் கோடு போட்டு வை.

ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்து போன் பண்ணுவேன். பேச மனசில்லையென்றால் எடுக்காதே. எடுத்தால் வசனம் சொல்ல மாட்டேன், என்ன சாப்பிட்டாய் என்றுதான் கேட்பேன்.

அன்புடன்,
அம்மா