பருவ முடிவுல பெற்றோர்களுக்கு ஒரு கடிதம்

அன்புள்ள பெற்றோர்களுக்கு வணக்கம்.

இந்தப் பருவம் நல்லபடியா முடியுது. விளையாட்டுப் போட்டியில பிள்ளைங்க நல்லா பண்ணாங்க, அறிவியல் கண்காட்சியும் சிறப்பா நடந்துச்சு, லைப்ரரிக்குப் புது புக்ஸ் வந்திருக்கு. எல்லாருக்கும் வாழ்த்துகள்.

ஒன்பதாம் வகுப்பு வரலாறு ப்ராஜெக்ட் பத்தி மட்டும் கொஞ்சம் விரிவா பேசணும். தலைப்பு, 40 வருஷம் ஒரே கட்சியோட பிடியில இருந்த கிழக்கு ஜெர்மனி. வகுப்புல சில சான்றுகளைக் கொடுத்து, இதை யார் எழுதினது, யாருக்காக, எதை விட்டுட்டாங்கன்னு பிள்ளைங்களே யோசிச்சு எழுதணும்னுதான் ஆசிரியர் சொல்லியிருந்தார். ஆனா வந்ததுல நிறைய இன்டர்நெட்ல இருந்து அப்படியே எடுத்தது, சிலது பெரியவங்க நடைன்னு பார்த்ததுமே தெரியுது, வாட்ஸ்அப்ல சுத்தற பாராகூட உள்ள இருக்கு. மார்க் குறைஞ்சிடக் கூடாதுங்கற உங்க கவலை எனக்குப் புரியுது, யார் மேலயும் கோபம் இல்ல.

ஆனா இதுல பிள்ளைங்க இழக்கறது என்னன்னு பாருங்க. 1989 மே 7 அன்னைக்கு அங்க உள்ளாட்சித் தேர்தல், அரசு வெச்ச ஒரே வேட்பாளர் பட்டியலை 98.85 சதவீதம் பேர் ஆதரிச்சதா அரசு அறிவிச்சுது. இந்த நம்பரை மட்டும் எடுத்து வெச்சு 'மக்களுக்கு ஆட்சி பிடிச்சிருந்தது'ன்னு பல பேர் முடிச்சிட்டாங்க. ஆனா அன்னைக்கே சர்ச் குழுக்களைச் சேர்ந்த சாதாரண ஜனங்க வாக்குச்சாவடியில நின்னு, ஓட்டை எண்ணிச் சொல்லச் சொல்ல எழுதிக்கிட்டாங்க, கூட்டிப் பார்த்தா கிழக்கு பெர்லின்ல வைசன்சே பகுதியில எதிர்ப்பு ஓட்டு அரசு சொன்னதைவிட அதிகம். அதுக்காக அரசோட நம்பரைத் தூக்கிப் போட முடியாது, மக்கள் மனசுக்கு அது சாட்சி இல்ல, ஆனா அரசு எப்படித் தெரிய ஆசைப்பட்டுச்சுங்கறதுக்கு அதைவிட நல்ல சாட்சி கிடையாது.

ஸ்டாசி உளவுத்துறை ஃபைல்களும் அப்படித்தான். ஆட்சி ஆடினப்போ உளவுத்துறை ஆளுங்களே அதைக் கிழிச்சுப் போட ஆரம்பிச்சாங்க, அதைத் தடுக்க 1990 ஜனவரி 15 அன்னைக்கு ஜனங்க பெர்லின்ல இருந்த ஸ்டாசி தலைமையகத்துக்குள்ள நுழைஞ்சாங்க, மிஞ்சினதை வரிசையா அடுக்கினா 111 கிலோமீட்டர் வரும். அவ்வளவு இருந்தாலும் ஃபைல்ல இருக்கறதெல்லாம் உண்மைன்னு ஆகிடாது. ஒரு மாணவி மட்டும், உளவு சொன்னவர் அதிகாரியைத் திருப்திப்படுத்தக்கூட எழுதியிருக்கலாமேன்னு ரெண்டே வரியில, எழுத்துப்பிழையோட, சொந்தமா கேட்டிருந்தா. ஆசிரியர் அதை எடுத்துட்டு வந்து காட்டினப்போ மனசு நெறஞ்சு போச்சு.

அதனால தெளிவா சொல்லிடறேன். அடுத்த பருவத்துல இருந்து காப்பி அடிச்ச ப்ராஜெக்ட்டுக்கு மார்க் கிடையாது, வேற யாராவது எழுதிக் கொடுத்ததுக்கும் கிடையாது. இதுக்காக ராத்திரி நேரத்துல ஆசிரியருக்கு ஃபோன் பண்றதும், கிளாஸ் குரூப்ல ரெடி ஆன்சர் கேக்கறதும் தயவுசெஞ்சு வேண்டாம்.

இந்த முறை யாருக்கும் மார்க் குறைக்கல. லீவு முடிஞ்சு வர்ற முதல் வாரத்துக்குள்ள திருத்திக் கொடுத்தா போதும், அரைப் பக்கம் இருந்தாலும் சரி, தப்பு இருந்தாலும் சரி, பிள்ளையோட சொந்த எழுத்தா இருக்கணும். உதவி செய்ய நெனச்சா பக்கத்துல உக்காந்து 'இது உனக்கு எப்படித் தெரியும்?'னு கேளுங்க. ஏற்கெனவே இப்படிப் பண்ற வீடுங்க நிறைய இருக்கு, அந்தப் பிள்ளைங்க வகுப்புல பேசறதுலயே தெரியுது, உங்களுக்கெல்லாம் என் மனமார்ந்த நன்றி.

அன்புடன்,
தலைமையாசிரியர்