பத்தாவது ஆள்

அன்புள்ள ராசு,

இங்கே எல்லாரும் நலம். நீயும் மீனாவும் பிள்ளைகளும் நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். ஐந்து மாதமாக நான் எழுதவில்லை, நீயும் ஏன் என்று கேட்கவில்லை. அதற்கு வருகிறேன். அதற்கு முன்னால் ஒரு வழக்கு பாக்கி இருக்கிறது. வாத்தியார் போட்ட பழைய போட்டோவில் என் தலையை மட்டும் வெட்டிவிட்டு எல்லாருக்கும் அனுப்பியது நீதான் என்று கோபால் சொல்லிவிட்டான். பம்புசெட்டுக் காலத்துப் புத்தி இன்னும் போகவில்லை உனக்கு. ஊருக்கு வந்து கவனித்துக்கொள்கிறேன்.

இங்கே லண்டன் எட்ஜ்வேரில் எங்கள் பக்கத்து வீட்டு யூதப் பாட்டி போய்ச் சேர்ந்துவிட்டார். 91 வயது. நீ வந்திருந்தபோது உன் நெற்றித் திருநீற்றைக் காட்டி இது எதற்கு, எதில் செய்வது என்று கேட்டு வாசலிலேயே கால் மணி நேரம் நிறுத்தி வைத்தாரே, அவர்தான். திங்கட்கிழமை ராத்திரி உயிர் போனது. செவ்வாய் மத்தியானம் அடக்கம். நம்மைப் போலவே அவர்களும் சவத்தைப் போட்டு வைக்கமாட்டார்கள். அவர்கள் சமூகத்துப் பெண்களே வந்து குளிப்பாட்டி, வெள்ளைத் துணி உடுத்தினார்கள். பணக்காரருக்கும் ஏழைக்கும் அதே துணி, அதே சாதா மரப்பெட்டி. குழியில் மண் தள்ளும்போது ஒன்று கவனித்தேன். ஒருவர் கையிலிருந்து இன்னொருவர் மண்வெட்டியை வாங்கவில்லை. தள்ளி முடித்தவர் அதை மண்ணில் குத்தி வைக்கிறார், அடுத்தவர் தானாக எடுத்துக்கொள்கிறார். துக்கத்தைக் கைமாற்றிவிடக் கூடாதாம்.

அப்புறம் ஏழு நாள் துக்கம். ஷிவா என்கிறார்கள், ஏழு என்றுதான் அர்த்தம். புதன்கிழமை போனேன். கதவு சாத்தாமல் இருந்தது, மணி அடிக்கத் தேவையில்லை. நடையில் இருந்த கண்ணாடியைப் பூப்போட்ட மேசைவிரிப்பால் மூடியிருந்தார்கள். எனக்கு டீ கொடுக்கும்போது பாட்டி விரிக்கும் அதே விரிப்பு. கண்ணாடித் தம்ளரில் ஏழு நாளும் எரியும் மெழுகுவத்தி. மகன் தாழ்வான நாற்காலியில், தோல் செருப்பு இல்லாமல், முகம் மழிக்காமல் உட்கார்ந்திருந்தார். அவர் போட்டிருந்த கம்பளிச் சட்டையின் இடது மார்பில் ஒரு சாண் கிழிந்து தொங்கியது. அம்மா அப்பாவுக்கு என்றால் இடது பக்கம், நெஞ்சுக்கு நேராகக் கிழிக்க வேண்டும். மற்ற உறவுக்கு வலது பக்கம்.

நம் வீட்டில் சமைத்ததை அவர்கள் சாப்பிட முடியாது, பாத்திரத்திலிருந்தே விதிகள் தொடங்கிவிடும். அதனால் நறுக்காத பழங்களாக வாங்கிப் போயிருந்தேன். வைத்துவிட்டு வாயைத் திறக்கப் போனேன். பக்கத்தில் இருந்த பெரியவர் மெல்ல என் முழங்கையைத் தொட்டார். துக்கத்தில் இருப்பவர் பேசும்வரை வந்தவர் பேசக்கூடாது. எல்லாம் இழந்து நின்ற யோபுவைப் பார்க்க வந்த மூன்று நண்பர்கள் ஏழு பகல் ஏழு ராத்திரி அவனோடு தரையில் உட்கார்ந்து ஒரு வார்த்தை பேசவில்லை என்று வேதத்தில் வருகிறது, அதிலிருந்து வந்த வழக்கம் என்றார். அந்த நண்பர்கள் பேசத் தொடங்கிய பிறகுதான் எல்லாம் கெட்டுப்போனது, ராசு. உன் மேல்தான் ஏதோ தப்பு என்று யோபுவுக்கே உபதேசம் செய்தார்கள்.

கால் மணி நேரம் சும்மா உட்கார்ந்திருந்தேன். மெழுகுவத்தியைப் பார்த்தபடி இருந்த மகன் திடீரென்று, "உங்கள் வீட்டில் தாளிக்கும் மணம் அம்மாவுக்குப் பிடிக்கும். சமையலறை ஜன்னலைத் திறந்து வைக்கச் சொல்வார்" என்றார். பிறகு ஒரு மணி நேரம் அவரே பேசினார். நான் எதுவும் கேட்கவே வேண்டியிருக்கவில்லை.

வியாழன் சாயங்காலம் நடந்ததைத்தான் உனக்கு முக்கியமாகச் சொல்ல வேண்டும். ஒரு நாளைக்கு மூன்று வேளை அவர்களுக்குத் தொழுகை. துக்க வீட்டில் அது வீட்டிலேயே நடக்கும். ஷெமா என்ற ஒன்றைச் சொல்லும்போது வலது கையால் கண்ணை மூடிக்கொள்கிறார்கள். "இஸ்ரவேலே, கேள். நம் கடவுள் ஆண்டவர், ஆண்டவர் ஒருவரே." அவர்கள் நம்பிக்கைக்கே அடிவேர் அதுதான். படம் கிடையாது, சிலை கிடையாது, காதால் கேட்டுத்தான் அறிய வேண்டும். குழந்தைக்கு முதலில் சொல்லிக்கொடுப்பது அது, சாகும்போது கடைசியாக வாயில் வர வேண்டியதும் அதுதான். பாட்டியும் அதைச் சொல்லிக்கொண்டேதான் போனாராம்.

ஷெமாவைத் தனியாளாகவும் சொல்லலாம். பெற்றவளுக்காக மகன் சொல்லும் கதீஷ் என்ற ஜெபத்துக்கு மட்டும் பத்துப் பேர் வேண்டும். பாட்டி குடும்பத்தின் மரபில் பத்து ஆண்கள், பெண்களையும் சேர்த்து எண்ணும் பிரிவுகளும் உண்டு. அன்றைக்குப் பேய்மழை. ஒன்பது பேர்தான் வந்திருந்தார்கள். எண்ணும்போது ஒன்று, இரண்டு என்று ஆளை எண்ணமாட்டார்கள், பத்துச் சொல் உள்ள ஒரு வேத வசனத்தை ஆளுக்கு ஒரு சொல்லாகச் சொல்கிறார்கள். நெல் அளக்கும்போது உன் தாத்தா ஒன்று என்னாமல் "லாபம்" என்று ஆரம்பிப்பாரே, அது ஞாபகம் வந்தது. வசனம் ஒன்பதாவது சொல்லில் நின்றுவிட்டது. பத்தாவது ஆளாக நான் அங்கேயே நிற்கிறேன், ஆனால் என் மேல் சொல் விழாது. மகன் புத்தகத்தைத் திறந்து வைத்துக்கொண்டு வாசலையே பார்க்கிறார். யார் யாருக்கோ போன் போகிறது. கடைசியில் தெருமுனை வீட்டுப் பையன் ஒருவன் பள்ளிக்கூடச் சட்டையைக்கூட மாற்றாமல், நனைந்துகொண்டு ஓடி வந்தான். பதின்மூன்று முடிந்திருக்கிறது, அது போதும். தொப்பியைச் சரிசெய்துகொண்டு சுவரோரம் நின்றான். அவன் நின்றதும் மகன் எழுந்தார்.

"யித்கடல் வெயித்கடஷ் ஷ்மே ரபா." அவருடைய பெரிய நாமம் உயர்ந்து புனிதமாக விளங்கட்டும். அரமேய மொழி. புத்தகத்தில் எதிர்ப் பக்கத்து மொழிபெயர்ப்பைப் படித்துக்கொண்டே வந்தேன். சாவு என்ற சொல்லே அதில் இல்லை, ராசு. இறந்தவர் பெயர் இல்லை, அழுகை இல்லை. தாயைப் புதைத்துவிட்டு வந்தவன் எழுந்து நின்று கடவுளைப் புகழ்கிறான், மற்றவர்கள் ஆமென் சொல்கிறார்கள். ஆமென் சொல்ல ஆள் இல்லாமல் அவன் அதைச் சொல்லவே முடியாது. இதைப் பதினொரு மாதம் தினமும் சொல்வார். ஏன் பன்னிரண்டு இல்லை என்று கேட்டேன். கெட்டவர்களுக்குத்தான் முழுசாகப் பன்னிரண்டு மாத விசாரணை, என் அம்மா அப்படிப்பட்டவர் இல்லை என்றார்.

செத்தபின் என்ன ஆகும் என்றும் கேட்டேன். 12ஆம் நூற்றாண்டில் மைமோனிடிஸ் என்ற மகா பண்டிதர் நம்பிக்கைகளைப் பதின்மூன்றாக வகுத்தார், இறந்தோர் எழுவார்கள் என்பது அதில் கடைசி என்று சொன்னார். "அது எப்படி நடக்கும் என்று வாதம் செய்துகொண்டே இருப்போம். நாளைக் காலையில் நான் என்ன செய்ய வேண்டும் என்பதில் வாதமே இல்லை" என்றார்.

கல்லூரிச் சுற்றுலாவில் கொச்சி மட்டாஞ்சேரியில் யூத ஜெபாலயம் போனோமே, நினைவிருக்கிறதா? செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே போய், நீலப் பூப்போட்ட சீனத் தரை ஓடுகளையும் தொங்கும் கண்ணாடி விளக்குகளையும் அண்ணாந்து பார்த்துவிட்டு வந்துவிட்டோம். 1568இல் கட்டியது. 1948க்குப் பிறகு அங்கிருந்த யூதர்களில் பெரும்பாலானோர் இஸ்ரேல் போய்விட்டார்கள். உள்ளூரில் பத்துப் பேர் தேறமாட்டார்கள், வெளியூர்க்காரர் வந்தால்தான் கூட்டுத் தொழுகை. ஓடும் விளக்கும் எல்லாம் இருந்து ஆள் இல்லாமல் போவது என்றால் என்ன என்று வியாழக்கிழமைதான் எனக்கு உறைத்தது.

திங்கள் காலை துக்கம் முடிந்து எழுந்தார்கள். மகனும் அவர் தங்கையுமாகத் தெருவை ஒரு சுற்று நடந்து வந்ததை ஜன்னலிலிருந்து பார்த்தேன். அப்படி நடந்து வருவதும் வழக்கமாம்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். வைகாசியில் அம்மா போனபோது உனக்குப் போன் செய்து அரை மணி நேரம் பேசினேன். வயசாயிற்று, நல்ல சாவு, கஷ்டப்படாமல் போனார்கள், நீ மனசைத் தேற்றிக்கொள் என்று அடுக்கினேன். நீ "ம்" என்றாய், மறுபடி "ம்" என்றாய். நான் நிறுத்தவில்லை. அம்மா கடைசியில் யாரைக் கேட்டார்கள், என்ன சாப்பிட்டார்கள் என்று சொல்ல உனக்கு ஒரு நிமிஷம்கூட நான் விடவில்லை. எனக்குச் சோறு போட்ட கை, ராசு. மன்னித்துக்கொள்.

மார்கழிக் கடைசியில் மதுரை வந்து இறங்குகிறேன், டிக்கெட் போட்டாயிற்று. வருஷம் திரும்பாத வீடு, பொங்கல் இல்லை என்று தெரியும், மீனாவை எதுவும் செய்யச் சொல்லாதே. திண்ணையில் உன்னோடு வந்து உட்கார்கிறேன், நீ எப்போது பேசினாலும் சரி. அம்மாவின் பாக்கு உரலை மட்டும் அதற்குள் யாருக்கும் கொடுத்துவிடாதே.

அன்புடன்,
சேது